விளக்கம்: மிகச் சிறந்த விமானி எப்படித் தவறினார்? வான் ஸான்டன் கதை சொல்லும் பாடம்

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. கேனரி தீவுகளில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதிக்கொண்டன என்ற செய்தி நெதர்லந்துக்கு வந்து சேர்கிறது. அவற்றுள் ஒன்று கேஎல்எம் விமானம்.

விசாரணைக்கு யாரை அனுப்புவது? கேஎல்எம் நிறுவனத்தில் 747 பற்றி அதிகம் தெரிந்தவர் யார்? எல்லாருக்கும் உடனே நினைவுக்கு வந்த பெயர் ஒன்றுதான்: யாக்கோப் வெல்தாய்சன் வான் ஸான்டன். அவரைத் தேடினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, மோதிய விமானத்தை ஓட்டியதே அவர்தான் என்று. இந்த விபத்தைப் பற்றி எழுதிய பலரும் இந்தச் சம்பவத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

அந்த விபத்தில் 583 பேர் மாண்டனர். விமான விபத்து என்று பார்த்தால், இன்றுவரை ஆக அதிக உயிர்களைப் பலிவாங்கியது அதுதான்.

அனுபவம் இல்லாத விமானி தவறு செய்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால், மற்ற விமானிகளுக்கே பாடம் எடுத்தவர் எப்படி அனுமதி இல்லாமல் விமானத்தைக் கிளப்பினார்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் இன்றைய விமானப் பாதுகாப்பின் பெரும்பகுதி பிறந்தது.

சுருக்கமாக:

- வான் ஸான்டன் கேஎல்எம் நிறுவனத்தின் 747 பயிற்சிப் பிரிவின் தலைவர்
- டெனரீஃப் தீவில், கடும் மூடுபனியில், புறப்பாட்டு அனுமதி கிடைக்கும் முன்பே விமானத்தைக் கிளப்பினார்
- அவருடன் இருந்த இருவருக்குச் சந்தேகம் வந்தது. ஆனால், யாரும் அவரைத் தடுத்து நிறுத்தவில்லை
- விபத்துக்குப் பிறகு விமானிகள் பேசும் சொற்களும், மூத்தவர்களிடம் இளையவர்கள் பேசும் முறையும் மாறின

யார் இந்த வான் ஸான்டன்?

1927இல் நெதர்லந்தின் லிஸ்ஸ என்ற ஊரில் பிறந்தார். டியூலிப் பூந்தோட்டங்களுக்குப் பெயர்போன வட்டாரம் அது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது அவருக்கு 12 வயது. போர் முடிந்தபோது 18.

போருக்குப் பிந்திய ஐரோப்பாவில் விமானப் பயணம் வேகமாக வளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் கேஎல்எம் நிறுவனத்தில் சேர்ந்தார். முதலில் டிசி-3 என்ற சிறிய விமானத்தில் துணை விமானி. அந்தக் காலத்தில் விமானிக்கு உதவக் கணினி கிடையாது. கண், காது, கை, அனுபவம் இவைதான் துணை.

சில ஆண்டுகளிலேயே மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. 1971இல் கேஎல்எம் தனது முதல் போயிங் 747 விமானங்களைச் சேவையில் சேர்த்தது. அந்த ராட்சத விமானத்தை ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் சில கேஎல்எம் விமானிகளில் இவரும் ஒருவர். பின்னர் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவரானார்.

அதன் பொருள் என்ன தெரியுமா? கேஎல்எம்மில் யார் 747 ஓட்டத் தகுதியானவர், யார் இல்லை என்று முடிவு செய்வதில் அவருடைய சொல்லுக்குத் தனி எடை. அவர் கையெழுத்துப் போட்டால்தான் பலருக்கு வேலை.

விபத்து நடந்தபோது அவருக்கு வயது 50. மொத்தம் 11,700 மணி நேரம் பறந்திருந்தார். அதில் 1,545 மணி நேரம் 747 விமானத்தில். நிறுவனத்தின் விளம்பரங்களிலும் அவருடைய புன்னகை முகம்தான். நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்ற நிறுவனம் என்று கேஎல்எம் தன்னைச் சொல்லிக்கொண்டது, அந்த முகத்தைக் காட்டித்தான்.

கவனிக்கப்படாத ஒரு விஷயம்

வான் ஸான்டனின் வேலையில் ஒரு சிக்கல் இருந்தது. அது வெளியே தெரியவில்லை.

பயிற்சியாளர் என்பதால் அவர் அதிக நேரம் சிமுலேட்டரில்தான் இருந்தார். சிமுலேட்டர் என்பது தரையிலேயே இருக்கும் மாதிரி விமானி அறை. அங்கே பயிற்சியாளர்தான் எல்லாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பங்கையும் அவரே எடுத்துக்கொள்வார். பாதை அனுமதி, புறப்பாட்டு அனுமதி எல்லாம் அவரே சொல்வார். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

விபத்து நாளுக்கு முன் சுமார் 12 வாரங்கள் அவர் வழக்கமான பயணிகள் சேவையில் பறக்கவில்லை. அனுமதிக்காகக் காத்திருக்கும் பழக்கம், கோபுரம் பேசும்போது கூர்ந்து கேட்கும் பழக்கம் எல்லாம் கொஞ்சம் மங்கியிருக்கலாம் என்று பின்னாளில் விபத்தை ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

இன்னொன்று. அன்று அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த துணை விமானி கிளாஸ் மெர்ஸ். அவரும் 9,200 மணி நேரம் பறந்த அனுபவசாலிதான். ஆனால், 747இல் அவருடைய அனுபவம் 95 மணி நேரம் மட்டுமே. அவருக்கு 747 ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியது யார்? வான் ஸான்டன். அதுவும் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பு.

உங்களுக்குத் தேர்வு வைத்துத் தேர்ச்சி கொடுத்த ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து தப்பு செய்கிறார். உடனே சொல்வீங்களா? கொஞ்சம் தயங்குவீங்கதானே?

அன்று என்ன நடந்தது?

கேஎல்எம் 4805 விமானம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிரான் கேனரியா தீவின் லாஸ் பால்மாஸ் நகருக்குப் புறப்பட்டது. பெரும்பாலும் விடுமுறைப் பயணிகள். சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். பயணிகளை இறக்கிவிட்டு, வேறு பயணிகளை ஏற்றிக்கொண்டு அன்றிரவே ஆம்ஸ்டர்டாமுக்குத் திரும்புவது திட்டம்.

வழியில் திட்டம் மாறியது. லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் பிரிவினைவாதிகள் வைத்த வெடிகுண்டு வெடித்தது. இன்னொரு குண்டு இருப்பதாக மிரட்டலும் வந்தது. நிலையம் மூடப்பட்டது. அங்கு செல்லவிருந்த விமானங்கள் பக்கத்துத் தீவான டெனரீஃபின் லாஸ் ரோடியோஸ் நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன.

லாஸ் ரோடியோஸ் சிறிய நிலையம். ஒரே ஓடுபாதை. கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கும் அதிக உயரத்தில், மலைகளுக்கு நடுவில் இருந்தது. அங்கே மூடுபனி என்பது உண்மையில் மேகம்தான். மேகம் நகர்ந்து ஓடுபாதைமேல் வந்து உட்காரும். ஒரு நிமிடம் தெளிவாக இருக்கும், அடுத்த நிமிடம் ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோபுரத்தில் இருந்தது இரண்டு கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே. தரையில் உள்ள விமானங்களைக் காட்டும் ரேடார் அங்கு இல்லை. பெரிய விமானங்கள் வந்து குவிந்ததால் நிறுத்துமிடமும் இணைபாதையும் அடைபட்டன. புறப்பட வேண்டிய விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போக வேண்டிய நிலை.

அங்கே காத்திருந்த இன்னொரு 747, பான் ஆம் 1736. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வழியாக வந்தது. 396 பேர் இருந்தார்கள். லாஸ் பால்மாஸ் மீண்டும் திறந்ததும் பான் ஆம் கிளம்பத் தயார். ஆனால், முன்னால் கேஎல்எம் நின்றது. சுற்றிப் போக இடம் போதவில்லை.

கேஎல்எம் ஏன் நகரவில்லை? வான் ஸான்டன் எரிபொருள் நிரப்ப முடிவு செய்திருந்தார்.

எரிபொருள் முடிவின் பின்னால் ஒரு விதி

நெதர்லந்தில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் விமானிகளின் வேலை நேர விதிகள் கடுமையாக்கப்பட்டன. களைத்துப்போன விமானி பறக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். முன்பெல்லாம் தேவைப்பட்டால் தலைமை விமானி தன் பொறுப்பில் வேலை நேரத்தைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். புதிய விதியில் அது எளிதல்ல. மீறினால் வழக்கு, உரிமம் பறிபோகும் அபாயம். கணக்குப் போடுவதும் சிக்கல்.

நேரம் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? அன்றிரவு விமானம் ஆம்ஸ்டர்டாம் திரும்பாது. நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு ஹோட்டல் தேட வேண்டும். அடுத்தடுத்த சேவைகள் பாதிக்கும். செலவு நிறுவனத்துக்கு. பெயர் கெடுவதும் நிறுவனத்துக்கு.

லாஸ் பால்மாஸில் எரிபொருளுக்கு வரிசையில் நிற்பதைவிட இங்கேயே நிரப்பினால் நேரம் மிச்சம் என்று அவர் நினைத்தார். சுமார் 55,500 லிட்டர் நிரப்பப்பட்டது. கேட்பதற்குப் புத்திசாலித்தனமான முடிவு. ஆனால், அந்த நேரத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. பான் ஆம் விமானம் பின்னால் மாட்டிக்கொண்டது. மேகம் இறங்கத் தொடங்கியது. விமானத்தின் எடையும் கூடியது.

களைப்பைத் தடுக்க வந்த விதி, அவசரத்தை உருவாக்கியது. அமைப்பு சார்ந்த காரணம் என்று பாதுகாப்பு நிபுணர்கள் சொல்வது இதைத்தான். முடிவு எடுத்தது ஒரு மனிதர். அவரை அந்த முடிவை நோக்கித் தள்ளியது விமானி அறைக்கு வெளியே, அலுவலகங்களில் எழுதப்பட்ட விதி.

கடைசி நிமிடங்கள்

கேஎல்எம் முதலில் ஓடுபாதையில் ஊர்ந்து மறுமுனைக்குச் சென்று திரும்பி நின்றது. பான் ஆம் அதே ஓடுபாதையில் பின்னால் வந்தது. மூன்றாவது கிளைப்பாதையில் விலகும்படி கோபுரம் பான் ஆமிடம் சொன்னது. அந்தக் கிளைப்பாதையில் நுழைய 747 கிட்டத்தட்ட வந்த திசையிலேயே திரும்ப வேண்டும். கிளைப்பாதைகளில் எண் பலகையும் இல்லை. பனியில் தடுமாறிய பான் ஆம் விமானிகள் அதைத் தாண்டி, அடுத்த கிளைப்பாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கேஎல்எம் பான் ஆமைப் பார்க்க முடியவில்லை. பான் ஆம் கேஎல்எம்மைப் பார்க்க முடியவில்லை. கோபுரத்தால் இரண்டையும் பார்க்க முடியவில்லை.

வான் ஸான்டன் விசையைக் கூட்டினார். துணை விமானி மெர்ஸ் உடனே, இன்னும் பாதை அனுமதி வரவில்லை என்று நினைவூட்டினார். வான் ஸான்டன் நிறுத்தினார். தனக்குத் தெரியும் என்றும், கேட்கும்படியும் சொன்னார். ஆக, முதல் தடவை மெர்ஸ் பேசினார். அது வேலை செய்தது.

மெர்ஸ் வானொலியில் கேட்டார். கோபுரம் பாதை அனுமதி தந்தது. மேலே எழுந்த பிறகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதுதான் அது. புறப்படுவதற்கான அனுமதி வேறு. அது வரவில்லை. ஆனால், பாதை அனுமதிக்குள்ளேயே புறப்பாடு என்ற சொல் வந்துவிட்டது.

மெர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வான் ஸான்டன் மீண்டும் விசையைக் கூட்டிவிட்டார். விமானம் ஓடத் தொடங்கியது. சில நொடிகளுக்குள் இரண்டாவது முறை தன் மேலதிகாரியைத் திருத்த வேண்டும். மெர்ஸ் இந்தத் தடவை தடுக்கவில்லை. திருப்பிச் சொன்னதை முடிக்கும்போது, தாங்கள் இப்போது புறப்பாட்டில் இருப்பதாக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்.

அந்த வாக்கியம் வழக்கத்தில் இல்லாதது. புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்று கோபுரம் புரிந்துகொண்டது. புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதே உண்மை.

இரு மொழி பேசுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும்

மெர்ஸ் டச்சு மொழியில் யோசித்து ஆங்கிலத்தில் பேசியிருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சிலர் கருதுகிறார்கள். ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பதை டச்சு மொழியில் சொல்லும் அமைப்பு, ஒரு இடத்தில் இருப்பதைச் சொல்வதுபோல் இருக்கும்.

நம்ம வீட்டிலேயே பாருங்க. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வர்றேன் என்று சொல்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் கேட்பவர் நாம் வந்துகொண்டிருக்கிறோம் என்று நினைப்பார். போகிறவர் வருகிறவர் ஆகிவிடுவார்! வீட்டில் அது சிரிப்பு. மூடுபனி மூடிய ஓடுபாதையில் அது உயிர்.

கோபுரத்தில் பேசியவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர் முதலில் சரி என்ற பொருளில் ஒரு சொல் சொன்னார். பிறகு, காத்திருக்கும்படியும் தான் அழைப்பதாகவும் சொன்னார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறிப்போய்ச் சொன்னார். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? இரண்டும் கேட்காது. கேஎல்எம் விமானி அறையில் முதலில் வந்த சரி மட்டும் கேட்டது. அதன்பின் சில நொடிகள் கீச்சென்ற சத்தம்.

கேட்டிருந்தால் 583 பேரையும் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு செய்திகள் அந்தச் சத்தத்தில் மறைந்துபோயின.

பொறியாளரின் கேள்வி

இன்னும் ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தது. ஓடுபாதையைவிட்டு விலகியதும் தெரிவிக்கும்படி கோபுரம் பான் ஆமிடம் சொன்னது. பான் ஆம் ஒப்புக்கொண்டது. இந்த உரையாடல் கேஎல்எம் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது.

பின்னால் அமர்ந்திருந்த விமானப் பொறியாளர் வில்லெம் ஸ்கிரூடர் அதைக் கவனித்தார். அவர் 15,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். வான் ஸான்டனைவிட அதிகம். பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானி சரியாகக் கேட்காததுபோல் என்னவென்று கேட்க, மறுபடியும் கேட்டார். விலகிவிட்டது என்று வான் ஸான்டன் அழுத்தமாகப் பதில் சொன்னார். ஸ்கிரூடர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

மோதலுக்கு இன்னும் சுமார் 15 நொடி இருந்தது.

பனிக்குள்ளிருந்து எதிரே வரும் விளக்குகளைக் கண்ட பான் ஆம் விமானிகள் முழு விசை கொடுத்து ஓடுபாதையைவிட்டு விலகப் பார்த்தார்கள். வான் ஸான்டனும் கடைசி நொடியில் விமானத்தை மேலே தூக்கப் பார்த்தார். வால் பகுதி தரையில் உரசியது. விமானம் எழுந்தது. போதவில்லை. அதன் அடிப்பாகம் பான் ஆமின் மேல்பாகத்தைக் கிழித்துக்கொண்டு போனது. சில நூறு மீட்டர் தள்ளி விழுந்து தீப்பிடித்தது.

கேஎல்எம்மில் இருந்த 248 பேரும் இறந்தனர். பான் ஆமில் 335 பேர் இறந்தனர், 61 பேர் உயிர் தப்பினர்.

யார்மேல் தவறு?

ஸ்பெயின் நடத்திய விசாரணை, அடிப்படைக் காரணம் என்று தலைமை விமானியின் செயலைச் சுட்டியது. அனுமதி இல்லாமல் புறப்பட்டார். பான் ஆம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. பொறியாளரின் கேள்வியைத் தள்ளிவிட்டார்.

நெதர்லந்துத் தரப்பு அதை அப்படியே ஏற்கவில்லை. தெளிவில்லாத சொற்கள், ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்த வானொலிப் பேச்சு, தவறவிட்ட கிளைப்பாதை, நெரிசலான நிலையம் எல்லாம் சேர்ந்ததுதான் காரணம் என்றது. இறுதியில் கேஎல்எம் பொறுப்பேற்று இழப்பீடு கொடுத்தது.

இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான். அனுமதி இல்லாமல் புறப்பட்டது வான் ஸான்டன். அதை மறைக்க முடியாது. ஆனால், தவறு அவர்மேல் என்று எழுதிக் கோப்பை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் ஏற்கெனவே இறந்துவிட்டார். இறந்தவரைத் தண்டிக்க முடியாது, திருத்தவும் முடியாது. அதே விதி, அதே சொற்கள், அதே தயக்கம் அடுத்த விமானத்தில் அப்படியே இருந்திருக்கும்.

என்ன மாறியது?

முதலில் சொற்கள். இப்போது புறப்பாடு என்ற ஆங்கிலச் சொல்லை, உண்மையில் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே வானொலியில் பயன்படுத்த வேண்டும். மற்ற நேரத்தில் கிளம்புதல் என்ற பொருள் தரும் வேறு சொல். அனுமதியைப் பெறும் விமானி, சரி என்று மட்டும் சொன்னால் போதாது. முக்கியமான பகுதிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, விமானி அறைக்குள் பேசும் முறை. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு அருகே இன்னொரு விபத்து. சக்கரக் கோளாறைக் கவனித்துக்கொண்டே இருந்த தலைமை விமானி, எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. மற்றவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். அழுத்திச் சொல்லவில்லை. 10 பேர் இறந்தனர்.

1979இல் நாசா இதைப் பற்றி ஒரு பயிலரங்கு நடத்தியது. இயந்திரம் சரியாக இருந்தும், விமானி அறையில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசும் விதத்தால் விபத்துகள் நடப்பதை அங்கே ஆராய்ந்தார்கள். 1981இல் யுனைட்டெட் ஏர்லைன்ஸ் முழுமையான பயிற்சித் திட்டமாகத் தொடங்கியது. இன்று அதன் பெயர் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக சிஆர்எம்.

சிஆர்எம் கற்றுக்கொடுப்பது என்ன?

- இளையவர் சந்தேகத்தைக் கேள்வியாகக் கேட்டு நிறுத்தக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் நேராகச் சொல்ல வேண்டும்
- முதல் தடவை கேட்கவில்லை என்றால் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவும் வேண்டும்
- மூத்தவர் கேட்க வேண்டும். கேட்பது அவருடைய வேலையின் ஒரு பகுதி
- ஓடுபாதையில் இருக்கும் யாராவது ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் விமானம் நிற்க வேண்டும்

பிறகு நிறுவனங்களும் கணக்கில் வந்தன. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதற்கு ஓட்டை விழுந்த சீஸ் துண்டுகளை உவமையாகச் சொன்னார். ஒவ்வொரு துண்டும் ஒரு பாதுகாப்பு. ஒவ்வொன்றிலும் ஓட்டைகள் உண்டு. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் விபத்து. டெனரீஃபில் வேலை நேர விதி, அடைபட்ட இணைபாதை, ரேடார் இல்லாமை, மேகம், தெளிவில்லாத சொல், கீச்சொலி, மூத்தவர்மேல் இருந்த மரியாதை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்தன. அதில் ஒன்று மட்டும் தள்ளிப் போயிருந்தாலும் அன்றிரவு 644 பேரும் வீடோ ஹோட்டலோ போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

இன்று விமான நிறுவனங்கள் பாதுகாப்பு நிர்வாக முறை ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. விபத்து நடக்கும்வரை காத்திருக்காமல் சின்னச் சின்னத் தவறுகளையே பதிவு செய்ய வேண்டும். நேர்மையாகத் தவறை ஒப்புக்கொள்பவரைத் தண்டித்தால் அடுத்தவர் வாயே திறக்க மாட்டார். அதனால் தெரியாமல் செய்த தவறையும் வேண்டுமென்றே செய்த மீறலையும் பிரித்துப் பார்க்கிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2000 அக்டோபர் 31 சிங்கப்பூரர்களுக்கு மறக்க முடியாத நாள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ006 விமானம் தைப்பே விமான நிலையத்தில், சூறாவளி மழையில், மூடப்பட்டிருந்த தவறான ஓடுபாதையில் புறப்பட்டது. கட்டுமானச் சாதனங்கள்மீது மோதியது. விமானத்தில் இருந்த 179 பேரில் 83 பேர் மாண்டனர்.

அங்கும் அதே வாதம். தைவான் விசாரணை, விமானிகள் ஓடுபாதையைச் சரியாக உறுதிசெய்யாததை முன்னிறுத்தியது. விமான நிலையத்தின் விளக்குகளிலும் அடையாளப் பலகைகளிலும் இருந்த குறைகளுக்குப் போதிய எடை தரப்படவில்லை என்றது சிங்கப்பூர்த் தரப்பு. மனிதரா, அமைப்பா? டெனரீஃபில் எழுந்த கேள்வி 23 ஆண்டு கழித்து நம் வாசலுக்கே வந்தது.

2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின்மீது மோதியது. காவல்படை விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் இறந்தனர். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினர். புறப்பாட்டு வரிசையில் முதலிடம் என்று கோபுரம் சொன்னதைக் காவல்படை விமானி ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி என்று எடுத்துக்கொண்டாரா என்ற கேள்வி எழுந்தது. ஜப்பான் உடனே அந்த வரிசை எண் சொல்வதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. 47 ஆண்டுக்குப் பிறகும் ஒரு சொல்லில்தான் சிக்கல்.

விமானி அறையில் பிறந்த பாடம் அங்கேயே நிற்கவில்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவக் குழுவில் உள்ள எல்லாரும் பெயரும் பொறுப்பும் சொல்லி, பட்டியலைச் சரிபார்க்கும் வழக்கம் விமானத்துறையைப் பார்த்து வந்தது. இளைய தாதியும் மூத்த மருத்துவரை நிறுத்தலாம்.

கடைசியாக

வான் ஸான்டனை அகங்காரம் பிடித்தவர் என்று சித்திரிக்கும் கட்டுரைகளும் காணொளிகளும் நிறைய உண்டு. அப்படி நினைப்பது நமக்கு வசதி. கெட்டவர் ஒருவர் செய்தார், நாம் அப்படி இல்லை என்று நிம்மதியாகத் தூங்கலாம். உண்மையில் முதல் தடவை மெர்ஸ் நினைவூட்டியபோது அவர் நிறுத்தினார். எரிபொருள், வேலை நேரம், பயணிகள் என்று யோசித்துத்தான் முடிவெடுத்தார். நல்லவர், திறமையானவர், அவசரத்தில் இருந்தவர். அதுதான் பயமுறுத்துகிறது.

இன்று சிமுலேட்டர் பயிற்சிகளில் இப்படியும் ஒரு பகுதி இருக்கலாம். தலைமை விமானி இருக்கையில் இருப்பவர் வேண்டுமென்றே ஒரு தவறு செய்வார். பக்கத்தில் இருக்கும் இளையவர் வாய் திறக்கிறாரா, எத்தனை நொடியில் திறக்கிறார், கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்கிறாரா என்று பயிற்சியாளர் குறித்துக்கொள்வார்.

ஸ்கிரூடர் அன்று சரியான கேள்வியைத்தான் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை அப்போது யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.